தாதிமை மாணவர்களுக்குப் பேரிடர் பாடம்: 6 மணி நேரத்தில் எதைச் சொல்லிக் கொடுப்பது?

தாதி_ஆசிரியை

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு கல்லூரியில் தாதிமை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன், அதற்கு முன்னால் 11 வருஷம் வார்டில் இருந்தேன். இந்தத் தவணை இரண்டாமாண்டு மாணவர்களுக்குப் பேரிடர் ஆயத்தம் என்ற பகுதி என் கைக்கு வந்திருக்கிறது. மொத்தம் 6 மணி நேரம், 42 பிள்ளைகள். எப்படி எடுப்பது என்று கேட்கத்தான் இந்தப் பதிவு.

போன தவணையில் வேறொருவர் எடுத்தார், நான் உதவிக்கு நின்றேன். பேரிடரின் வகைகள், கட்டங்கள், ட்ரியாஜ் நிறங்கள் (அடிபட்டவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கிற நிறங்கள்) எல்லாவற்றையும் ஸ்லைடில் காட்டினோம், கடைசியில் ஒரு தேர்வு வைத்தோம், எல்லாரும் நன்றாகவே எழுதினார்கள். மறுவாரம் கூடத்தில் பயிற்சி. 12 மாணவர்கள் அடிபட்டவர்களாக நடித்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் மூச்சு எத்தனை, நாடி கிடைக்கிறதா என்று எழுதிய அட்டை. ஒரு பையனிடம் மட்டும் "நீ விடாமல் கத்து" என்று சொல்லியிருந்தோம். கதவைத் திறந்ததும் உள்ளே போன 6 பேரில் 4 பேர் நேராக அவனிடம் போய்விட்டார்கள். அதில் ஒரு மாணவி அவன் கைக்குக் கட்டுப் போட ஆரம்பித்தாள், சொல்லிக் கொடுத்தபடியே, மடிப்பு மடிப்பாக, அவ்வளவு நேர்த்தி. சுவரோரம் ஒரு பெண் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள், அட்டையில் மூச்சு நிமிஷத்துக்கு 36. 11 நிமிஷம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு எல்லாரையும் உட்கார வைத்துப் பேசும்போது அந்த அட்டையைக் காட்டினோம். கட்டுப் போட்ட பிள்ளை அழுதுவிட்டாள். "டீச்சர், 30க்கு மேல் போனால் சிவப்பு என்று எனக்குத் தெரியும்" என்றாள். தெரியும்தான். தேர்வில் அவள் முழு மதிப்பெண் வாங்கியவள்.

அன்றிலிருந்து இது மனதில் கிடந்து உறுத்துகிறது. தெரிந்த ஒன்றை அந்த இடத்தில் செய்ய வைப்பதற்கு என்ன வழி? இன்னொன்று, வகுப்பில் கண்டிப்பாக யாராவது ஒருவர் "சிங்கப்பூரில் நிலநடுக்கமா, புயலா, இங்கே என்ன டீச்சர் வரப்போகிறது?" என்று கேட்பார்கள். போன முறை அதற்குச் சரியான பதில் சொல்லவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், குடிமைத் தற்காப்புப் படையில் இருப்பவர்கள், இப்போது படிக்கிற பிள்ளைகள் யாராக இருந்தாலும் மனம்விட்டுச் சொல்லுங்கள். எதை விடலாம், எதை விடவே கூடாது?

ஈசூன்_ராதா

அக்கா, நான் அவசர சிகிச்சைப் பிரிவில் 14 வருஷமாக இருக்கிறேன். முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், பழகியவர்களுக்கும் கால் தானாகச் சத்தம் வருகிற பக்கம்தான் போகும். கத்துகிறவருக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, கத்துமளவுக்குக் காற்று இருக்கிறது, அது நல்ல சேதி. சத்தம் போடாதவரைத்தான் முதலில் தேட வேண்டும். இதை வாயால் சொன்னால் நிற்காது, 20 தடவை நடந்து பழக வேண்டும். அதனால் என் யோசனை, 12 பேரை வைத்துப் பெரிய பயிற்சி ஒன்று செய்வதற்குப் பதிலாக, 5 பேரை வைத்து 4 நிமிஷப் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒருவருக்கு 30 விநாடிதான், அட்டையைக் கட்டிவிட்டு எழுந்து அடுத்தவரிடம் போக வேண்டும். எழுந்து போவதுதான் அதில் கடினம். தாதி என்றால் பக்கத்தில் இருப்பவள் என்றுதான் முதலாமாண்டிலிருந்து சொல்லிக் கொடுக்கிறோம், இங்கே வந்து விட்டுவிட்டுப் போ என்கிறோம். அந்த முரணை வகுப்பில் வெளிப்படையாகவே பேசுங்கள். மூச்சுக்குழாயைத் திறப்பது, கொட்டுகிற ரத்தத்தை நிறுத்துவது, இந்த இரண்டைத் தவிர அந்தச் சுற்றில் வேறு எதையும் செய்யக் கூடாது என்று கையைக் கட்டிவிடுங்கள்.

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். நடக்க முடிந்தவர்களை முதலில் ஒரு பக்கம் கூப்பிட்டுவிட வேண்டும், அவர்கள் பச்சை, நம் பேச்சில் பி3. மற்றவர்களில் மூச்சு 30க்கு மேல், இல்லாவிட்டால் மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை, இல்லாவிட்டால் சொன்னதைச் செய்ய முடியவில்லை என்றால் சிவப்பு, பி1, முதலில் பார்க்க வேண்டியவர். மூன்றிலும் தேறினால் மஞ்சள், பி2. மூச்சே இல்லை, வழியைத் திறந்துவிட்ட பிறகும் வரவில்லை என்றால் கறுப்பு, பி0.

இதில் மூன்றாவது சோதனையில்தான் நம் ஊரில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, பாடப்புத்தகம் அதைச் சொல்லாது. பல வருஷத்துக்கு முன்னால், வேறொரு இடத்தில் நான் வேலை பார்த்தபோது, வேலையிடத்தில் விபத்து நடந்து ஒரே லாரியில் 9 ஊழியர்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். புதிய தாதி ஒருவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு தம்பியிடம் குனிந்து ஆங்கிலத்தில் "என் கையை இறுக்கிப் பிடி" என்றார். அவர் வெறுமனே பார்த்தார். மறுபடி சொன்னார், மறுபடியும் அதே பார்வை. சொன்னதைச் செய்யவில்லை, அதனால் சிவப்பு அட்டை. நான் பின்னால் வந்து "தம்பி, என் விரலைப் பிடிங்க" என்றதும் பிடித்தார் பாருங்கள், விரல் வலித்தது. "அக்கா தமிழா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். புதுக்கோட்டைக்காரர், தோள்பட்டை மட்டும் விலகியிருந்தது. அவருக்குச் சிவப்பு கொடுத்ததால் ஒரு படுக்கை அவருக்குப் போயிருக்கும், உண்மையில் அது வேண்டிய ஆள் காத்திருந்திருப்பார்.

நடக்க முடிந்தவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள் என்று கூப்பிடுவதிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் மட்டும் கூப்பிட்டால் புரியாதவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள், பச்சையெல்லாம் மஞ்சளாகிவிடும். அதனால் மாணவர்களுக்குச் சைகை சொல்லிக் கொடுங்கள்: உங்கள் இரண்டு விரலை அவர் உள்ளங்கையில் வைத்து, உங்கள் மறு கையை மூடித் திறந்து காட்டினால் போதும், எந்த மொழிக்காரரும் செய்துவிடுவார். தமிழ், வங்காளம், மலாய், மாண்டரின், ஹொக்கியன் என்று ஒவ்வொன்றிலும் 5 வாக்கியம் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். 2020இல் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் கொரோனா தொற்று பரவியபோது தமிழ் தெரிந்த தாதியர் எவ்வளவு தேவைப்பட்டார்கள் என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

"இங்கே என்ன வரப்போகிறது" என்று கேட்கிற பிள்ளைக்கு டோக்கியோவைச் சொல்லுங்கள். 1995 மார்ச் 20, சுரங்க ரயிலில் சாரின் வாயு. பக்கத்தில் இருந்த செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு அன்று ஒரே நாளில் 640 பேர் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆம்புலன்சில் வரவில்லை, நடந்தும் டாக்சியிலும் கிடைத்த காரிலும் வந்து சேர்ந்தார்கள், யாரும் அவர்கள் உடையைக் கழற்றவோ கழுவவோ இல்லை. துணியிலிருந்து ஆவி எழும்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர்கள் பலருக்கும் கண் மங்கியது, தலை வலித்தது. நமக்கும் எம்ஆர்டி ரயில் இருக்கிறது, ஜூரோங் தீவில் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. நம் பெரிய மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்கு வெளியே கழுவிவிடும் இடம் வைத்திருப்பது இதனால்தான். வாசலில் நின்று "உள்ளே வராதீர்கள், முதலில் உடையைக் கழற்றுங்கள்" என்று கெஞ்சி வருகிற ஒருவரிடம் சொல்ல ஒரு தாதிக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதையும் நடித்துப் பழகட்டும்.

தோபாயோ_அம்மா

ஆசிரியைக்கு வணக்கம் மா. நான் ஓய்வுபெற்று 6 வருஷமாகிறது. எங்கள் காலத்தில் நோயாளிகள் எங்களை "மிஸ்ஸி" என்று கூப்பிடுவார்கள்.

இங்கே என்ன வரப்போகிறது என்று கேட்கிற பிள்ளைகளை ஒரு நாள் சிராங்கூன் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், ஓவன் சாலை வந்து சேருகிற முனைக்கு. தேக்காவில் சாமான் வாங்கிவிட்டு நடந்தே போகலாம். 1986 மார்ச் 15, சனிக்கிழமை, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஹோட்டல் நியூ வோர்ல்டு இருந்த 6 மாடிக் கட்டடம் ஒரு நிமிஷத்துக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுத்தார்கள். வெடியும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. கட்டடத்தைக் கணக்குப் போட்டபோது அதன் சொந்த எடையையே சேர்க்காமல் விட்டிருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது.

நான் அப்போது மாணவி, அன்றைக்கு எனக்கு ஓய்வு. எங்கள் மாமா கடை அந்தப் பக்கம் இருந்ததால் பதறிக்கொண்டு ஓடினேன். மாமாவுக்கு ஒன்றும் இல்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சீன அம்மா நின்றிருந்தார், அவருடைய ஆள் யாரோ உள்ளே. எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. என் கையைப் பிடித்தவர் விடவில்லை. பக்கத்துக் கடையில் மைலோ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை, ஆனால் கிளாஸைக் கீழேயும் வைக்கவில்லை, அது ஆறி மேலே ஆடை படியும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இருட்டும்வரை நின்றேன். அவருடைய ஆள் கிடைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பயிற்சியில் 12 பேரும் அடிபட்டவர்கள் என்கிறீர்கள், உறவுக்காரர் ஒருவர்கூட இல்லை. உண்மையில் ஒரு நோயாளிக்கு 4 பேர் வாசலுக்கு வருவார்கள். அவர்களுக்கு எந்தத் தாதி பதில் சொல்வது? "தெரியவில்லை, தெரிந்ததும் நானே வந்து சொல்கிறேன், எத்தனை மணிக்கு மறுபடி வருவேன் என்றும் சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழகியிருக்க வேண்டும், சொன்ன நேரத்துக்குச் சேதி இல்லாவிட்டாலும் வந்து நிற்க வேண்டும். அப்புறம் பெயர். நம் ஆட்களுக்கு அப்பா பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதே ஒரு குழப்பம், இன்னாரின் மகன், மகள் என்று போடுகிற எஸ் ஓ, டி ஓ வேறு, முத்துசாமியை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். பட்டியலில் பெயர் இல்லை என்று ஒரு அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டால், மகன் பக்கத்து அறையில் வேறு எழுத்தில் இருப்பான். எழுதுகிற பிள்ளைக்குப் பொறுமை வேண்டும்.

இடிபாட்டில் சிக்கியவரைப் பற்றியும் ஒரு அரை மணி நேரம் எடுங்கள் மா. காலில் பாரம் விழுந்து பல மணி நேரம் கிடந்தவர் நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார், பாரத்தை எடுத்ததும் நசுங்கிய சதையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயம் நின்றுவிடலாம். அதனால்தான் எடுப்பதற்கு முன்பே நரம்பில் திரவம் ஏற்றத் தொடங்குவார்கள். வார்டுக்கு வந்த பிறகும் சிறுநீர் எவ்வளவு போகிறது, என்ன நிறம் என்று தாதிதான் பார்க்க வேண்டும். தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர் நிறத்தில் வந்தால் அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிடு என்று சொல்லிக் கொடுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

995_தம்பி

தோபாயோ அம்மா சொன்ன அந்த விபத்துக்குப் பிறகுதான் இங்கே இடிபாட்டு மீட்புக்கென்று தனிக் குழு வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. எங்கள் குடிமைத் தற்காப்புப் படையின் டார்ட் என்ற மீட்புக் குழு 1990இல் அமைந்தது. 1986இல் எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிபுணர்கள் வந்து இடிபாட்டுக்கு அடியில் குடைந்து ஆட்களை எடுக்க உதவினார்கள். இதைக் கேட்டாலே மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நான் ஆம்புலன்சில் துணை மருத்துவராக இருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து முக்கியமான வேண்டுகோள், ஒப்படைப்பைச் சொல்லிக் கொடுங்கள், அதாவது நாங்கள் கொண்டுவருகிற நோயாளியைத் தகவலோடு வாங்கிக்கொள்வதை. சாதாரண நாளில் நாங்கள் ஒரு நோயாளியைக் கொண்டுவந்தால் தாதியர் முழுக் கதையும் கேட்பார்கள், என்ன மருந்து சாப்பிடுகிறார், எப்போது சாப்பிட்டார், வீட்டில் யார் இருக்கிறார்கள், அது சரிதான். ஆனால் பின்னால் இன்னும் 6 வண்டி நிற்கும்போது 30 விநாடிதான் கிடைக்கும். வயது, எத்தனை மணிக்கு நடந்தது, எப்படி அடிபட்டது, என்ன காயம், மூச்சும் நாடியும் எப்படி, இதுவரை என்ன செய்திருக்கிறோம். இந்த வரிசையில் நாங்கள் சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டு, அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு இரண்டு பேராக நிற்க வைத்து, பின்னால் சைரன் சத்தத்தைப் போட்டுவிட்டு, ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லட்டும். முதல் தடவை பாதிதான் நினைவிருக்கும். ஐந்தாவது தடவையில் வந்துவிடும்.

ரத்தம் நிறுத்துகிற இறுக்குப்பட்டை, டூர்னிகே, அதையும் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். எஸ்ஜிசெக்கியூர் என்ற தேசியப் பாதுகாப்பு இயக்கத்தில் பொதுமக்களுக்கே அழுத்து, கட்டு, தகவல் சொல் என்று சொல்லித் தருகிறார்கள், தாதிக்குத் தெரியாமல் இருக்கலாமா. கட்டியதும் மணியை எழுத வேண்டும், பேனாவால் எழுதினால் ஈரத்தில் போய்விடும், அழியாத மார்க்கரால் எழுத வேண்டும். எத்தனை மணிக்குக் கட்டினார்கள் என்று தெரியாத ஒரு காலை மருத்துவமனையில் வாங்கிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று ராதா அக்காவைக் கேளுங்கள்.

என் கருத்து இன்னொன்று, பயிற்சியை முன்கூட்டியே சொல்லாதீர்கள். வேறு பாடம் நடந்துகொண்டிருக்கும்போது விளக்கை அணைத்து, சத்தத்தைப் போட்டு, போலி ரத்தத்தோடு ஆட்களை உள்ளே விடுங்கள். உண்மையில் யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை.

ஈசூன்_ராதா

தம்பி, ஒப்படைப்பைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் கடைசிக் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. இவர்கள் 18, 19 வயதுப் பிள்ளைகள், அதில் யாருக்கு வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. விபத்தில் அப்பாவை இழந்த ஒரு பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால்? திகைக்க வைத்தால் திகைப்பு மட்டும்தான் மனதில் நிற்கும், கை எதையும் கற்றுக்கொள்ளாது. முதல் சுற்றைச் சொல்லிவிட்டு, வெளிச்சத்தில், அமைதியாகச் செய்யட்டும். மூன்றாவது சுற்றில் சத்தத்தைக் கூட்டுங்கள், ஐந்தாவதில் விளக்கைக் குறையுங்கள். வெளியே வந்துவிட வேண்டும் என்று தோன்றினால் கையைத் தூக்கிவிட்டு வரலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். செய்த நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பேசுவதற்கு வையுங்கள் அக்கா.

995_தம்பி

சரி அக்கா, அது நியாயம்தான். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த விதம் வேறு, அதை வைத்துச் சொல்லிவிட்டேன். படிப்படியாகக் கூட்டுவதே நல்லது.

செங்காங்_மாலா

எல்லாரும் வாசலையும் அவசரப் பிரிவையும் பற்றியே பேசுகிறீர்கள், உங்கள் 42 பிள்ளைகளில் அங்கே போகப்போவது எத்தனை பேர்? பெரும்பாலானவர்கள் என்னைப் போல வார்டுக்குத்தான் வருவார்கள். பெரிய விபத்து நடந்தால் வார்டுத் தாதிக்கு வருகிற முதல் கேள்வி, "உங்களிடம் எத்தனை படுக்கை காலி செய்ய முடியும்?" 30 நோயாளிகளில் யாரை இன்னும் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பலாம், யாரை நாற்காலியில் உட்கார வைக்கலாம், யாரை அசைக்கவே கூடாது, இதை டாக்டர் வருவதற்கு முன்பே யோசித்து வைத்திருப்பவள்தான் நல்ல தாதி. கற்பனையாக 10 நோயாளிகளின் குறிப்பை அச்சடித்துக் கொடுத்து, 15 நிமிஷத்தில் 4 படுக்கை வேண்டும் என்று கேளுங்கள். செலவே இல்லாத பயிற்சி, ஆனால் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். தனியாக வீட்டில் இருக்கிற 80 வயதுப் பாட்டியை அனுப்பலாமா என்பதில் எங்கள் வார்டில் நாங்களே அரை மணி நேரம் வாதாடினோம்.

அப்புறம் வார்டிலேயே தீப்பிடித்தால்? படி இறங்கி ஓடுவது கடைசி வழி. முதலில் அதே மாடியில் தீத்தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாரையும் நகர்த்த வேண்டும், கதவை மூட வேண்டும். ஆக்சிஜனில் இருப்பவருக்குச் சிலிண்டர் எங்கே, எவ்வளவு நேரம் வரும்? 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கில் என்ஒய்யூ லாங்கோன் மருத்துவமனையில் வெள்ளம் புகுந்து மின்சாரம் போய், மாற்று மின்சாரமும் போனது. பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து 20 குழந்தைகளை 9 மாடிப் படி வழியாகக் கைகளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், மூச்சுக்கருவியில் இருந்தவர்களுக்குப் படியிலேயே கையால் காற்றை அழுத்திக்கொண்டு. நான் குழந்தைகள் வார்டில் இருந்தவள், அந்தப் படிகளை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். உங்கள் மாணவர்களை ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு, விடாமல் காற்றை அழுத்தியபடி, கல்லூரி மாடிப்படியில் இரண்டே மாடி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாமாண்டு_பிள்ளை

வணக்கம். நான் படிக்கிறேன், அடுத்த வருஷம் வேலைக்குப் போவேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று யோசித்தேன், டீச்சர் கேட்டதால் எழுதுகிறேன்.

எனக்கு வகுப்பில் யாரும் சொல்லித் தராத ஒன்று, என் வீடு. என் பெரியம்மா 2003இல் தாதி. சார்ஸ் வந்தபோது வீட்டுக்கு வந்தால் குழந்தைகள் பக்கம் வரமாட்டாராம், ஒரு நாளைக்குப் பலமுறை காய்ச்சல் பார்ப்பாராம், பேருந்தில் சீருடையைப் பார்த்துவிட்டு ஆட்கள் எழுந்து வேறு இடம் போவார்களாம். சிங்கப்பூரில் அப்போது 238 பேருக்குத் தொற்று, 33 பேர் இறந்தார்கள், தொற்றியவர்களில் பத்தில் நான்கு பேர் மருத்துவமனை ஊழியர்கள் என்று பாடத்தில் படித்தேன். படிக்கும்போது எண். பெரியம்மா சொல்லும்போது வேறு மாதிரி இருந்தது. நான் தாதிமை எடுக்கிறேன் என்றதும் அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது வீட்டில் பாட்டி, தம்பி, அம்மா, நான். அம்மாவுக்கு இரவு வேலை. ஒரு இரவில் மருத்துவமனை என்னை அவசரமாகக் கூப்பிட்டால் பாட்டிக்கு இன்சுலின் போடுவது யார்? இதை யோசிக்காமல் நான் போனால் என் மனம் வீட்டிலேயே இருக்கும். அதனால் டீச்சர், மாணவர்கள் ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு ஒரு பக்கம் எழுதட்டும்: நான் 3 நாள் வரமுடியாவிட்டால் யார் எதைப் பார்ப்பார்கள், யாருக்கு போன் செய்வது, பக்கத்து வீட்டில் யாரிடம் சாவி இருக்கும். நான் எழுதினேன். பாட்டியோடு உட்கார்ந்து எழுதினேன், எதிர்வீட்டு மலாய் மாமிக்கு ஊசி போடத் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று பாதுகாப்பு உடையைக் கழற்றுவது. போடும்போது எல்லாரும் கவனமாக இருப்போம், கழற்றும்போதுதான் களைப்பில் தவறு நடக்கும். எங்களுக்கு ஒரு டீச்சர் மஞ்சள் பொடியைத் தண்ணீரில் குழைத்துக் கையுறையிலும் மேலங்கியிலும் தடவிவிட்டுக் கழற்றச் சொன்னார். நான் ரொம்பச் சரியாகக் கழற்றினேன் என்று நினைத்தேன். மணிக்கட்டில் ஒரு கோடு, காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு. மஞ்சள் சீக்கிரம் போகாது இல்லையா, அந்தக் கோடு மறுநாளும் கையில் இருந்தது. ரயிலில் பிடியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு போனேன். இன்றைக்கும் கையுறையைக் கழற்றும்போது அந்த இடத்தைப் பார்க்கிறேன்.

தாதி_ஆசிரியை

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்றாமாண்டுப் பிள்ளை, நீ தயங்காமல் எழுதியதற்குத் தனியாக நன்றி கண்ணு. உன் பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து பழைய ஸ்லைடுகளை எடுத்துப் பார்த்தேன். வகை, கட்டம், வரையறை எல்லாவற்றையும் வீட்டில் படித்துவரச் சொல்லிவிடப்போகிறேன், வகுப்பில் 10 நிமிஷம் போதும். முதல் 2 மணி நேரம் முழுவதும் ராதா சொன்ன 4 நிமிஷச் சுற்றுகள், சைகையோடு. அந்தச் சுவரோரப் பெண் ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஓர் இடத்தில் இருப்பாள், சத்தமே போட மாட்டாள். ஒப்படைப்பும் மஞ்சள் பொடியும் இரண்டாவது வகுப்பில். மூன்றாவதில் மாலாவின் 10 நோயாளிகள், அதற்குப் பிறகு மாடிப்படி. இடிபாட்டில் சிக்கியவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டேன், நிறத்தைக் காட்ட நிஜமாகவே ஒரு தே ஓ வாங்கிவரப்போகிறேன். வீட்டுக்கான ஒரு பக்கத்தை நானே முதலில் எழுதிப் பார்த்தேன். என் மகளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது, வீட்டுக்காரரோடு பேச வேண்டும்.

கட்டுப் போட்ட அந்த மாணவியைப் பார்த்து ராதா சொன்னதைச் சொன்னேன். இந்த முறை இளையவர்களுக்குப் பயிற்சி நடத்த உதவிக்கு வருகிறாயா என்று கேட்டேன். "நான் சுவரோரம் உட்காருகிற ஆளாக இருக்கிறேன் டீச்சர், எத்தனை பேர் என்னைத் தாண்டிப் போகிறார்கள் என்று எண்ண வேண்டும்" என்கிறாள்.

ஒரே ஒரு குறை, உறவுக்காரராக நிற்க எனக்கு ஆள் இல்லை. மாணவர்களை நிற்க வைத்தால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிடுவார்கள்.

தோபாயோ_அம்மா

நான் வருகிறேன் மா. என்னோடு ஓய்வுபெற்ற இரண்டு தோழிகள் இருக்கிறார்கள், ஒருவர் டியோசூ பேசுவார், ஒருவர் மலாய். மூன்று பேரும் வாசலில் நிற்கிறோம். மகன் பெயரைத் தப்பாக எழுதிய ஒரு தாளை மட்டும் அந்தப் பிள்ளைகள் கையில் கொடுத்துவையுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு வரட்டும்?

தாதி_ஆசிரியை

அடுத்த மாதம் இரண்டாவது வியாழன், மதியம் 2 மணி அம்மா. இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். வருகிறபோது உங்கள் அடையாள அட்டையை வாசலில் கேட்பார்கள், மறக்காமல் எடுத்துவாருங்கள். மைலோ நான் வாங்கி வைக்கிறேன்.